பழைய வழி

ஜூன் 3, செவ்வாய்

என்ன கொடுக்கிறேன், அவர் எவ்வளவு நேரம் மூச்சுக்கான முகமூடி போட்டிருக்கிறார், தூக்கம் எப்படி என்று தினமும் குறித்துவைக்கச் சொன்னார் நுரையீரல் டாக்டர். மகள் தமயந்தி பொங்கலுக்கு வாங்கிக் கொடுத்த டைரி வெறுமனே கிடந்தது. இதில் எழுதுகிறேன். புதிதாக நர்ஸ் யாராவது வந்தாலும் படித்துக்கொள்ளட்டும்.

நோயாளி: பொன்னுரங்கம். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவர். தசைகளை அசைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய். கை, கால், நாக்கு எதுவும் அசையாது. வலது கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். கண் நன்றாக அசையும். கண்ணை மேலே தூக்கினால் ஆமாம், மூடினால் இல்லை. காது நன்றாகக் கேட்கும். அறிவு எங்கள் எல்லோரையும் விடத் தெளிவு. அவர் முன்னால் அவரைப் பற்றி யாரும் மெதுவாகப் பேச வேண்டாம், அவருக்குப் பிடிக்காது.

பேசுவது கம்ப்யூட்டர் வழியாக. கட்டைவிரலுக்குக் கீழே ஒரு பட்டன். அதிலிருந்து ஒரு நீலப் பெட்டி, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர். திரையில் எழுத்துகளின் மேல் ஒரு வெளிச்சம் நகர்ந்துகொண்டே இருக்கும். வேண்டிய எழுத்தில் அது வரும்போது அழுத்துவார். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் படிக்கும். 'குரலி' என்று அந்தப் புரோகிராமுக்குப் பெயர். வானொலிச் செய்தி வாசிப்பவர் மாதிரி 'அரசி' என்று என்னைக் கூப்பிடும். என் முழுப் பெயர் மங்கையர்க்கரசி. அதை எழுத அவருக்கு ஒரு காபி நேரம் ஆகும்.

டாக்டர் இன்று சொன்னது: "முகமூடி இன்னும் கொஞ்ச நாள்தான் தாங்கும்மா. அப்புறம் தொண்டையில துளை போட்டுக் குழாய் வைக்கணும். மெஷின் மூச்சு விடும். வச்சா வருஷக்கணக்குல இருக்கலாம். ஆனா வச்சபிறகு எடுக்கறது லேசுப்பட்ட விஷயமில்ல. அதனால அவரே முடிவு சொல்லட்டும். அடுத்த தடவை வரும்போது கேட்டுட்டு வாங்க."

காலை கேழ்வரகுக் கஞ்சி, வயிற்றுக் குழாய் வழியாக. மதியம் பருப்புத் தண்ணீர். தூக்கம் சுமார்.

ஜூன் 4, புதன்

கஞ்சி. இளநீர். வலது குதிகாலில் தோல் சிவந்திருக்கிறது, எண்ணெய் தடவினேன்.

மாலை எழுத ஆரம்பித்தார். 'தொண்டையில் குழாய்' என்று வந்தது. அடுத்த சொல்லுக்கு 'வே' வந்தபோது அடுப்பில் பால் பொங்கிவிட்டது. ஓடினேன். திரும்பி வந்தபோது களைத்துத் தெரிந்தார். திரையை அணைத்துவிட்டேன்.

வேண்டும் என்பதற்கும் முதல் எழுத்து 'வே'தான்.

வயிற்றுக் குழாய்க்கும் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஒரு வாரம் வாக்குவாதம். வைத்த பிறகு ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

ஜூன் 6, வெள்ளி

கம்ப்யூட்டர் நாலைந்து நாளாக மந்தமாக இருந்தது. கடைக்காரர் வந்து அதன் இயங்குதளத்தைப் புதுப் பதிப்புக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். வேகமாகத் திறக்கிறது. ஆனால் குரலி பேசவில்லை.

வெளிச்சம் நகர்கிறது. அவர் அழுத்துகிறார். எதுவும் நடப்பதில்லை, வெளிச்சம் தாண்டிப் போய்விடுகிறது. மறுபடி அழுத்துகிறார். நெற்றியில் வியர்வை. துடைத்துவிட்டேன்.

கடைக்காரரைத் திரும்பக் கூப்பிட்டேன். பட்டனைத் தானே அழுத்திப் பார்த்தார். "பட்டன் நல்லா இருக்கு, பெட்டியும் நல்லா இருக்கு. இவங்க எதையோ மாத்திட்டாங்க மேடம்" என்றார். பெட்டி செய்த கம்பெனி மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. குரலியை எழுதியவன் அப்போது கல்லூரிப் பையன், இப்போது எந்த நாட்டில் என்றே தெரியாது. இயங்குதளத்தை இலவசமாக எழுதித் தருகிறவர்களுக்கு மெயில் போடலாம் என்று ஒரு முகவரி கொடுத்தார். போட்டேன். 'புதுப் பதிப்பு போட்ட பிறகு என் கணவர் பேசவில்லை' என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான், படிப்பவர்களுக்கு என்ன புரியும் என்று தோன்றியது.

ஜூன் 9, திங்கள்

வாணியம்பாடியிலிருந்து ஹக்கீம் என்று ஒருவர் போன் செய்தார். மின்னஞ்சலில் நம்பர் கொடுத்திருந்தேன். முப்பது வயது இருக்கலாம் குரலை வைத்து. பகலில் ஏதோ கம்பெனியில் வேலை, மீதி நேரத்தில் சம்பளமில்லாமல் இதைச் செய்கிறார்.

"அம்மா, முதல்ல மன்னிச்சுக்குங்க. அந்தப் பெட்டியோட டிரைவரை மாத்தினது நான்தான்."

டிரைவர் என்றால் என்ன என்று கேட்டேன். பெட்டி சொல்வதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கிற சின்னப் புரோகிராம் என்றார்.

"பட்டனை ஒரு தடவை அழுத்தினா அந்தப் பெட்டி இரண்டு சிக்னல் அனுப்பும்மா. பெட்டியோட கோளாறு அது. டிரைவர்தான் இரண்டையும் ஒண்ணுன்னு எடுத்துக்கணும். பழைய டிரைவர் அதைச் செய்யல, இரண்டையும் அப்படியே மேல அனுப்பிச்சு. குரலி எழுதின பையன் பார்த்திருக்கான், 'சரி, இரண்டு வந்தா ஒரு அழுத்தல்'னு எழுதிட்டான். இப்ப நான் டிரைவரை ஒழுங்கு பண்ணிட்டேன். ஒரு அழுத்தலுக்கு ஒரு சிக்னல்தான் போகும். குரலி இரண்டாவதுக்குக் காத்துக்கிட்டே இருக்கு."

"அப்ப இரண்டு தடவை அழுத்தினா?"

"அரை விநாடிக்குள்ள அழுத்தணும்மா. ஐயாவால முடியுமா?"

முடியாது.

பிழையோடு இருந்தபோது பேசிக்கொண்டிருந்தாரே, எதற்காக அதைத் திருத்தினீர்கள் என்று கேட்டேன். இதே பெட்டியைக் குழந்தைகளுக்கான மோட்டார் நாற்காலியிலும் வைத்திருக்கிறார்களாம். இரண்டாவது சிக்னல் சில சமயம் தாமதமாக வந்துவிடும். நாற்காலி அதைப் புது அழுத்தல் என்று நினைத்துக்கொள்ளும். ஒரு சிறுமி சாய்தளத்தின் விளிம்பில் நாற்காலியை நிறுத்தியிருக்கிறாள். அது தானாக மறுபடி ஓடியிருக்கிறது.

"உசிரோட இருக்கு. ஆனா தாடை, பல்லு எல்லாம் போச்சு. நான் திருத்தாம விட்டா நாற்காலி ஓடுது. திருத்தினா உங்க வீட்டுக்காரர் வாய் அடைச்சுப்போகுது. இரண்டு இடத்துலயும் ஒரே பெட்டி, எது எதுன்னு டிரைவரால கண்டுபிடிக்க முடியாது. ஆனா ஏதாவது வழி பண்றேன்மா."

நல்ல பையன். இன்று அவருக்கு மூச்சு சீராக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஹக்கீம் மெயில் அனுப்பியிருக்கிறார். அவரிடம் அந்தப் பெட்டி இல்லை, எங்கும் வாங்கவும் கிடைக்கவில்லை. நம் பெட்டியில் இரண்டு சிக்னலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று தெரிந்தால்தான் பழையபடி ஓட வைக்க முடியுமாம். ஒரு சின்னப் புரோகிராமைத் திறந்துவிட்டுப் பட்டனை நூறு தடவை அழுத்த வேண்டும். யார் அழுத்தினாலும் சரி. அதில் பதிவாகும் கோப்பை அவருக்கு அனுப்ப வேண்டும். 'பத்து நிமிட வேலை அம்மா' என்று எழுதியிருக்கிறார்.

இன்று மெத்தை உறை எல்லாம் துவைக்க வேண்டியிருந்தது. நாளை செய்யலாம்.

ஜூன் 13, வெள்ளி

உதவிக்கு வரும் பிலோமினா இரண்டு நாள் லீவு. இன்றுதான் வந்தாள். நான் தனியாக அவரைத் திருப்பிப் படுக்கவைத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

காலையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்ப்பார், பிறகு கண்ணைத் தாழ்த்துவார், மறுபடி என்னைப் பார்ப்பார். தண்ணீரா என்று கேட்டேன். கண்ணை மூடினார். காலை மடக்கணுமா. மூடினார். ஃபேன், டிவி, தமயந்திக்குப் போன், வயிறு உப்பலா, முதுகு அரிக்கிறதா. எல்லாவற்றுக்கும் மூடினார். என்ன வேண்டும் என்று புரியவில்லை.

பிலோமினா துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, ஐயா தொண்டையைப் பத்தித்தான் ஏதோ சொல்ல வராரு போல. டாக்டரம்மா சொன்னாங்கல்ல, அதைக் கேட்டுப் பாருங்களேன்."

"நீ முதல்ல துணியை ஒழுங்கா மடி" என்றேன். பாவம், அவளிடம் அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

மத்தியானம் தூங்கிவிட்டார்.

ஜூன் 17, செவ்வாய்

ஹக்கீம் போன். கோப்பு வந்ததா என்று அவரே தன் மெயிலில் தேடிப் பார்த்துவிட்டு, "வரலையேம்மா" என்றார். இடுப்பு வலியைச் சொன்னேன். பதறிப்போனார்.

அவர்களுக்குள் பெரிய விவாதம் நடக்கிறதாம். ஒரு கூட்டம், எதை வேண்டுமானாலும் திருத்துங்கள், ஆனால் நேற்றுவரை ஓடியது இன்றைக்கும் ஓட வேண்டும், அதுதான் முதல் விதி என்கிறது. இன்னொரு கூட்டம், பிழையை நம்பி ஒருவன் புரோகிராம் எழுதினால் அது அவன் தப்பு, அதற்காக உலகம் முழுக்க அந்தப் பிழையைச் சுமக்க முடியாது என்கிறது. ஹக்கீமுக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

"பழைய பதிப்பையே திரும்பப் போட்டுக்க முடியாதா?" என்று கேட்டேன். கேட்க வேண்டும் போல் இருந்தது, கேட்டேன்.

"அதைத் தளத்துலேர்ந்து எடுத்துட்டோம்மா. யாராவது நாற்காலியில போட்டுட்டா என்ன பண்றதுன்னு. ஆனா எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு. யாருக்கும் தெரியாம உங்களுக்கு மட்டும் அனுப்பறேன். விதிப்படி தப்புதான். இன்னைக்கு சாயங்காலமே ஐயா பேசிடுவாரு."

அடுப்படி ஜன்னலில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தேன். உள்ளே முகமூடி இயந்திரத்தின் இரைச்சல்.

"வேண்டாம் தம்பி. எங்களுக்காக விதியை வளைக்காதீங்க. அந்தக் குழந்தையை நினைச்சுப் பாருங்க. செய்யறதை ஒழுங்கா செய்யுங்க, நாங்க காத்திருக்கோம்."

"உங்களை மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லைம்மா" என்றார்.

நான் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை.

ஜூன் 21, சனி

நான் சொன்னதை ஹக்கீம் அவர்கள் விவாதத்தில் அப்படியே எழுதிப் போட்டிருக்கிறார். அதன் இணைப்பை அனுப்பினார். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ வணக்கம் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சிறுமியின் அப்பாவும் அதில் எழுதியிருக்கிறார். எந்தக் காரணத்தை முன்னிட்டும், யாருக்காகவும், அந்தப் பழைய நடத்தை திரும்ப வரக் கூடாது என்று. மகளுக்கு மூன்று அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது, இன்னும் இருக்கிறது. கீழே, பெரியவர் பேச முடியாமல் இருப்பது தனக்கும் வருத்தம்தான், ஆனால் பேச்சு வேறு, உயிர் வேறு என்று முடித்திருக்கிறார்.

அவர் சொல்வதுதான் நியாயம் என்று பதில் எழுதினேன்.

கஞ்சி பாதிதான் இறங்கியது. பகலிலும் முகமூடி தேவைப்படுகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இன்று அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரைப் பார்த்தபடியே இருந்தார்.

ஜூன் 26, வியாழன்

தமயந்தி ஹைதராபாத்திலிருந்து வீடியோவில் வந்தாள். அலுவலக உணவுக் கூடத்தில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு பேசினாள்.

"அப்பா இன்னும் பேசலையா? என்னம்மா பண்றாங்க அவங்க?"

"அவங்களுக்குள்ளயே முடிவாகலடி. ஒரு குழந்தை விழுந்து அடிபட்டிருக்கு, லேசுல மாத்த முடியாதாம்."

"டாக்டர் கேட்டதுக்கு அப்பா என்ன சொன்னாரு? போனை அவர் பக்கம் காட்டு, நான் கேக்கறேன், கண்ணால சொல்லட்டும்."

போனைத் திருப்பினேன். அவர் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். "தூங்கறாரு, பாரு" என்றேன். அவள் பார்த்தாள். அவள் வைத்த பிறகு கண்ணைத் திறந்தார். கூப்பிடட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவளுக்கு மீட்டிங் இருந்தது.

திருமணமான புதிதில் புயலில் கம்பம் சாய்ந்து மூன்று நாள் வீட்டுக்கு வரவில்லை இவர். இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் வாசலில் நின்றேன். நான்காம் நாள் சேறும் தாடியுமாக வந்து, 'பசிக்குது' என்றார். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. டாக்டருக்குக் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரி. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. உதடு நீலம். ஆம்புலன்ஸில் பிலோமினாவும் வந்தாள், செருப்பு கூடப் போடாமல். டாக்டர் பார்த்தவுடன் சொல்லிவிட்டார்: "ரத்தத்துல கரியமில வாயு ஏறிடுச்சு, மயக்கத்துல இருக்காரு. இப்ப குழாய் போடணும், இல்ல விட்டுடணும். அவரைக் கேட்டீங்களாம்மா? என்ன சொன்னாரு?"

"கம்ப்யூட்டர் பழுதாயிடுச்சு டாக்டர். அவரால எதுவும் சொல்ல முடியல."

உண்மைதான். மெயில்கள் எல்லாம் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

"உங்க முடிவு?"

"போடுங்க."

பிலோமினா என் பக்கத்தில்தான் நின்றாள். கையெழுத்துப் போட்டேன்.

ஜூலை 5, சனி

கண் விழித்துவிட்டார். உதட்டில் நிறம் வந்துவிட்டது. கன்னம் கூடக் கொஞ்சம் சிவப்பாக, கல்யாணப் போட்டோவில் இருப்பது போல. தொண்டையில் வெள்ளைக் குழாய், மார்பு ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. இப்படி நிம்மதியாக அவர் மூச்சு விட்டு ஒரு வருஷம் இருக்கும்.

தமயந்தி வந்துவிட்டாள். அப்பாவின் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் அந்தப் பக்கம் போய் அவர் கண்ணுக்கு நேரே நின்று, "என்னங்க, வலிக்குதா?" என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் அங்கிருந்து நகரும்வரை திறக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புது இயந்திரம், பேட்டரி, சளி உறிஞ்சும் கருவி என்று கூடத்தில் பாதி அடைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் இயக்க நானும் பிலோமினாவும் ஆஸ்பத்திரியிலேயே கற்றுக்கொண்டோம். நர்ஸ் என்னைப் பார்த்து, "சூப்பர் அம்மா நீங்க" என்றாள்.

குளித்துவிட்டு வந்தபோது தமயந்தி அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டனை அழுத்திக்கொண்டிருந்தாள். டக், டக், டக் என்று. அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நூறு எண்ணி முடித்துவிட்டு எழுந்து, அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அனுப்பிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகல."

"எனக்கு இடுப்பு..."

"மெயில் எல்லாம் படிச்சேம்மா. ஹக்கீம் அஞ்சு தடவை கேட்டிருக்காரு. இப்ப போன்லயும் பேசினேன். பழசைத் தனியா அனுப்பறேன்னு சொன்னாராமே, நீ வேண்டாம்னுட்டியாமே. அவரு உன்னைத் தெய்வம்னு நினைச்சுக்கிட்டிருக்காரு."

நான் புளியைக் கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா குழாய் வேண்டாம்னு சொல்லிட்டாரா?"

"முழுசா சொல்லல."

"முழுசா சொல்ல விட்டியா?"

"நீ ஹைதராபாத்துல இருக்க. உனக்கு என்ன தெரியும்? காலையில எழுந்து இந்த ஹாலுக்கு வந்தா அவர் இருக்கணும் எனக்கு. அவ்வளவுதான். படுத்தே இருக்கட்டும், பேசாம இருக்கட்டும், என்னைத் திட்டட்டும்."

"திட்டறதுக்குத்தான் வாயை வைக்கலையேம்மா நீ."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. குழம்பை இறக்கிவைத்தேன். யாரும் சாப்பிடவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஹக்கீம் இரண்டே நாளில் முடித்துவிட்டார். டிரைவர் திருத்தியது திருத்தியபடியே இருக்கும், எல்லோருக்கும் ஒரு அழுத்தலுக்கு ஒரு சிக்னல்தான். ஆனால் அமைப்புகளுக்குள்ளே 'பழைய வழி' என்று ஒரு தேர்வு வைத்திருக்கிறார். வேண்டும் என்கிறவர்கள் தாங்களே போய் எச்சரிக்கையைப் படித்து, ஒத்துக்கொண்டு, அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் திறந்துகொள்ளலாம். நாற்காலிகளுக்குத் தனிப் பதிப்பு போட்டு, அதில் அந்தத் தேர்வே இல்லாமல் செய்திருக்கிறார். அந்தச் சிறுமியின் அப்பாவிடம் அவரே பேசினாராம். கடைசியில் அவரும் சரி என்றிருக்கிறார்.

தமயந்தி போட்டாள். வெளிச்சம் நகர்ந்தது. அவர் அழுத்தினார். எழுத்து நின்றது. தமயந்தி கை தட்டிவிட்டாள்.

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். வெளிச்சம் முதல் வரிசை, இரண்டாம் வரிசை என்று சுற்றிச் சுற்றி வந்தது. கட்டைவிரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துணி காயப்போட மாடிக்குப் போனேன். படியில் ஏறும்போதே செய்தி வாசிப்பவர் குரல் கேட்டது. என்ன சொன்னது என்று காதில் விழவில்லை. திரும்பி இறங்கினேன். நின்றுவிட்டது.

ஜூலை 16, புதன்

பிலோமினாவோடு பேசுகிறார். மகளோடு பேசுகிறார். போன் பில் கட்டியாச்சா என்றுகூடக் கேட்டாராம். நான் அறைக்குள் போனால் திரை சும்மா இருக்கிறது.

ஹக்கீம் போன் செய்தார். "ஐயா முதல்ல என்ன சொன்னாரும்மா?" என்று கேட்டார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"என் பேரைத்தான் சொன்னாரு" என்றேன்.

ஜூலை 19, சனி

தமயந்தி டாக்டரை வீட்டுக்கே வரச் சொல்லியிருந்தாள். கூட இன்னொரு டாக்டரும் வந்தார். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டோம். காபி கலக்கிறேன் என்று நான் எழுந்தேன்.

"அரசி" என்றது கம்ப்யூட்டர்.

நின்றேன். ஜூன் மாதத்துக்குப் பிறகு இப்போதுதான். வெளிச்சம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. "இரு" என்றது.

உட்கார்ந்தேன்.

டாக்டர் கேட்டார்: "ஐயா, உங்க விருப்பம் என்னன்னு நீங்களே சொல்லணும். எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல."

ரொம்ப நேரம் ஆனது. ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அடுத்த எழுத்து என்ன என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்தது. நடுவில் ஒரு தடவை சளி அடைத்தது, நான்தான் எழுந்து உறிஞ்சி எடுத்தேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, பார்த்தார். பிறகு தொடர்ந்தார். வாக்கியம் முடிந்ததும் கம்ப்யூட்டர் படித்தது:

"இந்தக் குழாயை எடுத்துவிடுங்கள். இது எனக்கு வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிட்டேன். அரசிக்குத் தெரியும்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. "உங்களுக்குத் தெரியுமாம்மா?"

தமயந்தி தரையைப் பார்த்தாள். பிலோமினா கதவருகே நின்றாள். அவர் என்னைப் பார்த்தார், கண்ணை மூடாமல்.

"தெரியும்" என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

டாக்டர்கள் கூடிப் பேசினார்கள், பல பேர் வந்து பல தடவை அவரைக் கேட்டார்கள், ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைச் சொன்னார். நேற்று ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து நன்றாகத் தூங்கவைத்த பிறகு இயந்திரத்தை நிறுத்தினார்கள். நான் கையைப் பிடித்திருந்தேன், அந்தக் கட்டைவிரல் இருக்கும் கையை. சிரமப்படவில்லை.

கடைசி வாரம் என்னோடும் பேசினார். கோபத்தையும் சேர்த்துத்தான். நான் எழுந்து போகாமல், கடைசி எழுத்துவரை உட்கார்ந்திருந்து கேட்டேன். என்ன பேசினார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

இயந்திரங்களை எடுத்துப் போய்விட்டார்கள். கூடம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

ஆகஸ்ட் 30, சனி

ஹக்கீமுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். கோப்பை நான் ஏன் அனுப்பவில்லை என்பதையும், என் கணவர் முதலில் என் பேரைச் சொல்லவில்லை என்பதையும். நான் வைத்துவிடலாமா என்று நினைத்தபோது, "தேனியில ஒரு அம்மா எழுதியிருக்காங்க. அதே பெட்டி, அதே குரலி. அவங்க மகன், இருபத்தி நாலு வயசு. எங்கே திறக்கறது, என்ன அழுத்தறதுன்னு நான் சொன்னா புரியல அவங்களுக்கு. நீங்க பேசறீங்களா?" என்றார்.

இன்று பேசினேன். அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே பயம். எங்கே போக வேண்டும், எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பையன் பேசாமலிருந்து இரண்டு மாதம் ஆகிறதாம். ரெண்டு நாளாகக் கண்ணாலேயே என்னவோ கேட்கிறானாம், என்னவென்று புரியவில்லையாம்.

"பத்து நிமிஷ வேலைதான்மா" என்றேன்.

"சரிங்க. ஊர்ல திருவிழா, வீடு நிறைய ஆளுங்க. முடிஞ்சதும் அடுத்த வாரம் உக்காந்து..."

"இல்ல. இப்பவே பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

தயங்கித் தயங்கிச் செய்தார். போனை மேசைமேல் வைத்துவிட்டு அவர் நடப்பது கேட்டது, யாரையோ சத்தம் போடாமல் இருக்கச் சொன்னார். ரொம்ப நேரம் கழித்து, தூரத்தில், செய்தி வாசிப்பவர் குரல் எதையோ சொன்னது. அந்த அம்மா அழுதுகொண்டே திரும்ப வந்தார்.

"பேசிட்டான்ங்க. பேசிட்டான் என் புள்ள. உங்க வீட்டுக்காரரும் இப்படித்தான் பேசுவாருங்களா?"

"பேசினாரு" என்றேன்.